நூறு சதவீதம்

பதினைந்து நாள் முடிய இன்னும் பதினோரு நிமிடம் இருந்தது. கேமரா கம்ப்யூட்டரில் அதற்கு மேல் எந்தப் பதிவும் நிற்காது. பத்து மணி ஆனதும், புதிய பதிவுக்கு இடம் விட, இருப்பதிலேயே பழையதை அழித்துவிடும்.

அந்தப் பழைய பதிவில்தான் முத்துவீரனின் கை, மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் மெஷினில் போன காட்சி இருந்தது. மெஷின் மூடியை அவனே கழற்றினான் என்றது மில். அன்றைக்கு மூடியே இல்லை என்றாள் அவன் மனைவி ஜெயக்கொடி. மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில் வக்கீலிடம் காட்ட அவளுக்கு வேறு சாட்சி கிடையாது.

மேனேஜர் நவநீதகிருஷ்ணன் அவளைக் கம்ப்யூட்டர் அறைக்குள் அழைத்து வந்து, கேமராவைப் பார்த்துக்கொள்ளும் ரெனிட்டாவிடம் சொன்னார். "மூணு நாளா இந்தம்மா கேட்டுல கெடக்கா, ரெனிட்டா. மொதலாளிகிட்ட மல்லுக்கட்டி இப்பத்தான் சம்மதம் வாங்குனேன். சட்டுனு ஏத்திக் குடு."

ஜெயக்கொடி மம்சாபுரத்துக் கடையில் வாங்கிய புது பென்டிரைவை நீட்டினாள். "இதுதான் வேகமா ஏறும்னு கடக்காரர் சொன்னாரு சார்."

"வெளிய வாங்குனதுல வைரஸ் இருக்கும்மா. ஆபீஸ்ல உள்ளதுலயே கொண்டு போ, திருப்பிக்கூடத் தர வேண்டாம்." டிராயரைத் துழாவி, கிடந்ததிலேயே பழையதை எடுத்துக் கொடுத்தார்.

ரெனிட்டா அதைச் செருகினாள். சில நொடியில் நூறு சதவீதம் என்று காட்டியது.

அதை நம்பக் கூடாது என்று அவளுக்குத் தெரியும். கம்ப்யூட்டர் படத்தை முதலில் தன் மெமரியில் வாங்கிக்கொண்டு, முடிந்தது என்று சொல்லிவிடும். பென்டிரைவில் எழுதுவது அதற்குப் பிறகுதான், மெதுவாக. சிவப்பு விளக்கு இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தது.

"சார், செத்த நேரம்..."

"அதான் நூறு வந்துருச்சுல்ல." பென்டிரைவைப் பிடுங்கி ஜெயக்கொடியின் கையில் வைத்தார். "ஓடு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் போயிரும்."

"எங்க வீட்டுக்காரவுக கை போனதக்கூடப் பொறுத்துக்கிட்டாக சார். தப்பு அவிய மேலதான்னு சொன்னதுலதான் சோறே எறங்கல." கும்பிட்டாள். "நீங்க நல்லா இருக்கணும்."

அவள் படியிறங்கும் சத்தம் கேட்டது. படம் கம்ப்யூட்டரில் இன்னும் இருந்தது. வேறொரு இடத்தில் நகலெடுத்தால் போதும். ரெனிட்டா மவுசைத் தொட்டாள்.

"செத்த எந்திரிம்மா. ஒரு மெயில் பாக்கணும்."

"சார், ரெண்டே நிமிஷம்."

"என்னைய நிக்க வச்சே பேசுவ போல." சிரித்தார்.

எழுந்துவிட்டாள். அவரை எதிர்த்து அவள் ஒருநாளும் பேசியதில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்று, பக்கத்துத் திரையில் பதிவுகளின் வரிசையையே பார்த்தாள். அவர் பஞ்சு விலையைப் படித்தார். போனில் டீ சொன்னார். ஒரு டீயா ரெண்டா என்று அவளைக் கேட்டார்.

பத்து ஆனது. வரிசையில் முதலாவது மறைந்தது. இரண்டாவது அந்த இடத்துக்கு ஏறியது.

"சார்." அவர் பக்கம் திரும்பினாள். "படம் மெமரியிலதான் இருந்துச்சு. பென்டிரைவ்ல கால்வாசிகூட எழுதியிருக்காது. வக்கீல்ட்ட போட்டா ஒண்ணும் ஓடாது."

அவர் மெயிலை மூடினார். எழுந்து, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"தெரியும்மா. அதனாலதான் புடுங்குனேன்."