பாராட்டு வாங்கிய வரி

இறால் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் உரித்து உரித்து வெளுத்து உப்பிப்போன தன் அக்கா ஜெபராணியின் விரல்களை, மழைத்தண்ணீரில் செத்து ஊறிய மண்புழுக்கள் என்று செல்வின் ஒரு கதையில் எழுதினான். அந்த ஒரு வரிக்காகவே அவனைக் கொண்டாடினார்கள். அதற்குப் பிறகு அந்தக் கையைப் பார்த்தாலே அவனுக்குப் புழுக்கள்தான் தெரிந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா போன நாளிலிருந்து செய்வதுபோலவே, அக்கா மீன்குழம்புச் சட்டியில் சோற்றைப் போட்டுப் பிசைந்து, உருட்டி அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஐந்து விரல்களும் சோற்றுக்குள் நெளிந்து வெளியே வந்தன. வாயில் போட்ட உருண்டையை விழுங்க முடியாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டான்.

"என்னல, உப்பு கொறயுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினான். அவள் அந்தக் கன்னத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். எழுந்து போய் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள்.

"கதய நானும் படிச்சேம்ல. நல்லாத்தான் எழுதிருக்க."

வேறு தட்டில் புதுச் சோறு போட்டு, கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்த குழம்பை ஊற்றி, கரண்டியாலேயே கிளறி அவன் பக்கம் தள்ளினாள். கன்னத்தில் இருந்ததை வாசலில் துப்பிவிட்டு வந்த செல்வினுக்கு நல்ல பசி எடுத்தது.