தம்ளரில் ஒரு சிவப்புப் பொட்டு
மான்ட்ரியல் கண்காட்சிக் கூடத்தில், தன் ஓவியத்தின் முன் நின்று என் மகள் ஹம்சினி பேசுகிறாள். “மறுமலர்ச்சிக் கால ஓவியர்கள் தெய்வங்களிடமிருந்து மனுஷங்க பக்கம் திரும்பினாங்க. அதுக்கப்புறம் எந்த முகமும் வரையத் தகுந்த முகம்தான்.” ஓவியத்தில், எங்கள் புரோசார்ட் வீட்டைத் துப்புரவு செய்யும் கனகவல்லி, ஜன்னல் வெளிச்சத்தில் தேநீர்த் தம்ளரோடு அரசிபோல அமர்ந்திருக்கிறாள். “தம்ளர்ல அந்தச் சிவப்புப் பொட்டு எதுக்கு?” என்கிறாள் ஒரு மாணவி. பட்டுச்சேலையில் வந்திருக்கும் கனகவல்லி சிரிக்கிறாள். “அது என்ர தம்ளர். மற்றதுகளோட கலக்காம இருக்க ஐயா வைச்ச அடையாளம்.” நகச்சாயத்தால் நான் வைத்த பொட்டுதான். “அப்பா?” என்று ஹம்சினி திரும்புகிறாள். என் முகம் எரிவதைக் கனகவல்லி கண்டுவிடுகிறாள். “எனக்கு அடிக்கடி தடிமன், சளி வாறது பிள்ளை. நான்தான் வைக்கச் சொன்னனான்.” எங்கள் வீட்டுக்கு வந்துபோகும் இந்தப் பதினோரு வருடத்தில் அவள் ஒருமுறைகூடத் தும்மி நான் கேட்டதில்லை. ஆமென்று தலையாட்டுகிறேன்.