பின் சீட்டின் பாரம்

பின்னால் ஆள் ஏறாமலே நீங்கள் எப்போதாவது வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறீர்களா?

போயிருப்பீர்கள். நாலு தெரு தாண்டி, கேட்டதற்குப் பதில் வரவில்லையே என்று திரும்பிப் பார்த்திருப்பீர்கள். சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் அந்தக் கதையை எடுத்து உங்கள் மானத்தை வாங்குவார்கள்.

மெக்கானிக்குக்கும் அப்படித்தான் ஆயிற்று. மலைக்கோயிலுக்குப் போகிற வழியில், பாதி மலையில்.

அங்கே ஒரு வளைவு செங்குத்தாக ஏறும். அவனுடைய ஸ்கூட்டர் அதில் இரண்டு பேரை இழுக்காது. முக்கும், முனகும், நின்றுவிடும். ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவன்தான். சொந்த வண்டிக்கு ஒரு பக்கக் கண்ணாடிகூடக் கிடையாது.

"இறங்கிக்கோ" என்றான்.

அவன் மனைவி இறங்கி நடந்தாள். அவன் வளைவைத் தாண்டி, மேட்டில் எஞ்சினை அணைக்காமல் நிறுத்திக் காத்திருந்தான். அணைத்தால் லேசில் கிளம்பாது.

எப்போது வந்தாலும் இந்த இடத்தில் அவள் ஏதாவது சொல்வாள். "என்னை விட்டாலும் விடுவீங்க, இந்தக் கிழட்டு வண்டியை விட மாட்டீங்க" என்பாள். இன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்க வந்து, பையைப் பின்னாலிருந்த கேரியரில் செருகினாள். கழன்ற செருப்பு வாரை மாட்டக் குனிந்தாள்.

வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டு வாரமாகவே வீட்டில் சத்தம் இல்லை. சண்டை என்றால்கூடச் சத்தம் இருக்கும். அவளுடைய அக்கா இருக்கும் ஊரில், ஒரு தையல் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. அக்கா வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம்.

"அங்கயே போய் இருந்துடலாம்னு பாக்குறேன்" என்றாள்.

ஏன் என்று கேட்டிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். அவன் "ம்" என்றான்.

நேற்றுக் காலை அவளே மறுபடி பேச்சை எடுத்தாள். "நாளைக்கு மலைக்குப் போவோம். போறேனா, இருக்கேனான்னு மேல வச்சு சொல்லிடுறேன்."

அதற்கும் "ம்".

இப்போது அடுத்த வளைவு வந்தது. "பிடிச்சுக்கோ" என்றான்.

பதில் இல்லை. அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

அதற்கடுத்த வளைவிலும் "பிடிச்சுக்கோ" என்றான். கீழே ஊர், யாரோ கொட்டிவிட்டு அள்ளாமல் போனது மாதிரி கிடந்தது. காது அடைத்தது. எச்சில் விழுங்கினான். காது திறந்தது. அவ்வளவுதான்.

மேலே கோயில் வாசலில் பூசாரி விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தனியாவா வந்தே?"

"இல்ல சாமி. வீட்ல பின்னாடி வர்றாங்க."

பூசாரி வண்டியைப் பார்த்தார், பாதையைப் பார்த்தார். "வண்டியில நீ வந்துட்டு, பொண்டாட்டியை நடக்க விட்டிருக்கே. யாருய்யா வேண்டிக்கிட்டது, நீயா அவளா?"

சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. சிரித்தான்.

உள்ளே போய்க் கை கூப்பினான். என்ன கேட்பது என்று ஒன்றும் வரவில்லை. கூப்பிய கையைக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தான். பிறகு இறக்கிவிட்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பினான்.

அவள் அதே மேட்டில், ஓரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் அவனுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றாள்.

"மேல போய்த்தான்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "தெருவில போற வண்டியைக் காதால கேட்டே டயர்ல காத்து கம்மின்னு சொல்ற ஆளு நீங்க."

அவன் கேரியரிலிருந்த பையைச் சரிசெய்தான்.

தெரியாமல் இருக்குமா? வண்டி உருண்டதுமே தெரிந்துவிட்டது. எஞ்சின் சத்தம் மாறிய அந்த நொடியே தெரிந்தது. பின்னால் வெறும் பை. பிரேக்கின் மேல் விரல் இருந்தது. அழுத்தவில்லை.

அவளை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று இல்லை. அவள் மேலே வந்தால் சொல்லிவிடுவாள். வராதவரைக்கும் எதுவும் சொல்லப்படவில்லை. அவ்வளவுதான் அவன் நினைத்தது. 'பிடிச்சுக்கோ' என்று காலி சீட்டிடம் சொன்னதுகூடத் தெரிந்தேதான்.

"சரி ஏறு, மேல போவோம்" என்றான்.

"நீங்கதான் போய்ட்டு வந்துட்டீங்களே."

"என்ன சொல்றதா இருந்தே?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

"மேல வச்சு சொல்றேன்னுதானே சொன்னேன். நான்தான் மேல வரலையே."

அவன் வண்டியை இறக்கத்தில் விட்டான்.

மறுநாள் காலை அவளுடைய அக்கா வீட்டுக்காரர் கார் கொண்டுவந்தார். மெக்கானிக் அவள் பெட்டியை டிக்கியில் வைத்தான். "சகல, டிக்கி சரியா மூட மாட்டேங்குது, கொஞ்சம் பாரேன்" என்றார் அவர். மெக்கானிக் பூட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு மாட்டிக் கொடுத்தான். ஒரே தட்டில் மூடிக்கொண்டது.