பளபளத்த 1794

பழைய செம்புக் காசைத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மதிப்பு கூடும் என்று மனித குலம் நம்பிக்கொண்டிருக்கிறது. மனித குலம் தவறு செய்கிறது. வேறு விஷயங்களிலும் அது தவறு செய்திருக்கலாம்; ஆனால் நான் லங்காஸ்டர் செம்புக் காசுச் சங்கத்தின் செயலாளர். என் அதிகாரம் செம்போடு நின்றுவிடுகிறது.

இருநூறு வருடத்து அமெரிக்க சென்ட் காசுக்கு அதன் காப்பிக்கொட்டை நிறம்தான் உயிர். அதைத் தேய்த்து அழிப்பவரைச் சங்கத்தை விட்டு நீக்கலாம் என்கிறது எங்கள் ஏழாவது விதி. அதற்கு வேலையே வந்ததில்லை.

அக்டோபர் கூட்டத்தில் வந்தது.

தேவாலயத்தின் கீழ்த்தள அறையில் எட்டுப் பேர் கூடியிருந்தோம். தலைவர் எல்வுட், ஒன்பது வருடம் தேடிப் பிடித்த தன் 1803ஆம் வருடக் காசின் மேல் யார் மூச்சும் படாதபடி தள்ளி வைத்திருந்தார். அப்போதுதான் ஹார்லன் தன்னுடைய 1794ஐ உறையிலிருந்து எடுத்தார்.

அது குத்துவிளக்கு மாதிரி மின்னியது.

"யோவ், என்னய்யா இது?" எல்வுட் எழுந்தே விட்டார்.

"1794."

"அது தெரியுது! போன மாசம் சாக்லேட் மாதிரி இருந்துச்சே!"

"தேய்ச்சாச்சு."

"எதை வெச்சு?"

"தக்காளி சாஸ்." ஹார்லன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "கொஞ்சம் பல் பேஸ்ட்டும்."

"வறுவலுக்குத் தொட்டுக்கிறதைக் கொண்டுபோய் காசுல இருக்கிற லிபர்ட்டி தேவி மூஞ்சியில பூசியிருக்கான் பாரு!" என்றார் இன்னொரு உறுப்பினரான லைல்.

"அதை வித்திருந்தா ஒரு கார் வாங்கியிருக்கலாம்யா," என்றார் எல்வுட். "இப்ப சைக்கிள் பெல் கூடத் தேறாது. புதுசா வர்றவங்ககிட்ட எல்லாம், 'ஓரத்தைப் பிடி, முகத்தைத் தொடாதே'ன்னு இருபத்தாறு வருஷமா பாடம் எடுத்தது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் ஏன்யா?"

"தோணுச்சு."

எல்வுட் விதிப் புத்தகத்தைத் திறந்தார். ஹார்லனின் முகம் மாறியது.

"எல்வுட், நீக்க மட்டும் நீக்காதே. மாசத்துல எனக்குன்னு இருக்கிறது இந்த ஒரு செவ்வாய்க்கிழமைதான்."

"அப்ப காரணத்தைச் சொல்லு."

ஹார்லன் காசைத் திரும்ப உறைக்குள் போட்டார்.

"விதின்னா விதி," என்றார் எல்வுட். "நீக்கணுங்கிறவங்க கையைத் தூக்குங்க."

ஆறு கைகள் உயர்ந்தன. ஏழாவது என்னுடையது; நடவடிக்கைக் குறிப்பில் எதையும் மறைக்கும் வழக்கம் எனக்கில்லை.

கதவு திறந்தது. கையில் ஆப்பிள் கேக்கோடு ஹார்லனின் மனைவி ஆர்டிஸ்.

"காட்டிட்டாரா?" என்றாள், வாசலிலிருந்தே. "பிறந்த நாளுக்கு நான் குடுத்த பரிசு! முப்பது வருஷமா அழுக்கோட கிடந்துச்சு, இவருக்கு ஒரு தடவை கழுவணும்னு தோணுச்சா? மூணு நாள் உக்காந்து தேய்ச்சேன். பாத்ததும் மனுஷனுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, தெரியுமா?"

ஹார்லன் கூரையில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"ஆமா, எதுக்கு எல்லாரும் கையைத் தூக்கிட்டு இருக்கீங்க?"

ஏழு கைகளும் அந்தரத்தில் நின்றன. எல்வுட்தான் முதலில் சுதாரித்தார்.

"எந்தக் காசு நல்லா இருக்குன்னு ஓட்டெடுப்பு, ஆர்டிஸ். ஹார்லனோடதுக்குத்தான் முதல் பரிசு. எதிர்த்து ஒரு ஓட்டுக் கூட இல்லை."

"பின்னே?" அவள் முகம் அந்தக் காசை விட அதிகமாக மின்னியது. மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "ஐயோ, உங்களுதெல்லாம் எவ்வளவு கறுப்பு! பாவம், வீட்டுல யாரும் செஞ்சு தர்றதில்லை போல. எல்வுட், உங்களுதைக் குடுங்க. ஒரு வாரத்துல புதுசாக்கித் தரேன்."

எல்வுட் தன் 1803ஐப் பார்த்தார். பிறகு ஹார்லனைப் பார்த்தார்.

நவம்பர் கூட்டத்தில் இரண்டு காசுகள் பளபளத்தன.