வாளிச் சண்டை

“என் வாளியத் தள்ளிட்டு உன் வாளிய வைக்கிறியா? இன்னையோட உன் சங்காத்தமே வேணாம், போடி!”

தண்ணி பிடிக்கிற பீலியில் வீரம்மா போட்ட சத்தத்தில் லயத்து வீட்டு வரிசையே வெளியே வந்துவிட்டது. நாகலெட்சுமி தன் வாளியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்துவிட்டாள்.

இரண்டு பேரும் ஒரே மலையில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள். குடியிருப்பதும் பக்கத்துப் பக்கத்துக் காம்பரா. நடுச்சுவர் கூரை வரைக்கும் எட்டாது. வேலை விட்டு வந்து, ஆளுக்கொரு அடுப்படியில் இருந்தபடியே சுவருக்கு மேலால் பேச ஆரம்பித்தால், அடேயப்பா, பாய் விரிக்கிற வரைக்கும் ஓயாது! அப்பேர்ப்பட்ட சிநேகம் ஒரு வாளித் தண்ணியில் போயிற்று.

“அவளா வந்து பேசட்டும். நானும் பேசப் போறதில்ல” என்றாள் நாகலெட்சுமி. வீம்பில் அவளை அடிக்க ஆளில்லை.

மகள் ஹம்சினிக்கு இந்தப் பஞ்சாயத்துக்கெல்லாம் நேரமில்லை. அரசாங்க டீச்சர் வேலைக்கான போட்டிப் பரீட்சைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. வயசெல்லை தாண்டப் போகிறது. இதை விட்டால் அவ்வளவுதான்.

நுண்ணறிவுத் தாளில் ‘மறைந்திருக்கும் எடுகோள்’ என்று கேட்டாலே அவளுக்குக் கண்ணைக் கட்டும். போன தடவை கோட்டை விட்டதும் அதில்தான்.

ஒரு சாயங்காலம் சத்தமாக வாசித்தாள். “‘கமலா பேசாமல் இருக்கிறாள். ஆகவே, அவள் கோபமாக இருக்கிறாள்.’ இதுல சொல்லாம விட்ட எடுகோள் என்னம்மா?”

“அதுல என்ன கெடக்கு? கோவம் இருந்தா மட்டுந்தான் ஒருத்தி பேசாம இருப்பா. பக்கத்துக் காம்பராவப் பாத்துக்க!”

ஹம்சினி விடையைப் பார்த்தாள். அம்மா சொன்னதேதான்!

“அத எழுதாம, நம்மளே நெனச்சுக்குவோம்னு விட்டிருக்காங்கம்மா!”

அன்றைக்குப் பிடிபட்டது அந்தக் கேள்வி.

பெறுபேறு வந்தது. பாஸ்! ஹம்சினி அட்டன் டவுனில் லட்டு வாங்கி வந்து லயம் முழுக்கக் கொடுத்தாள்.

“அந்தக் காம்பராவுக்கு மட்டும் போகாத!” என்றாள் அம்மா.

ஹம்சினிக்கு மனசு கேட்கவில்லை. சின்னதில் தன்னை இடுப்பிலேயே வைத்துத் திரிந்தவள் ஆயிற்றே. லட்டோடு போய் நின்றாள்.

வீரம்மா லட்டைப் பார்க்கவேயில்லை. அவளைக் கட்டிப்பிடித்து ஓவென்று அழுதாள். பிறகு சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

“ஏய் நாகு! புள்ள பாஸாயிருச்சு. இனிப் பேசுவோமா?”

“என்னடி திடீர்னு?” அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“நம்ம ரெண்டு பேரும் வாயடிச்சா புள்ள எங்கடி படிக்கும்? சும்மா இருப்போம்னு சொன்னா ரெண்டு நாள் தாங்குவோமா? சண்டைன்னா உன் வீம்புக்கு வருசமே தாங்கும். அதான் வேணும்னே சண்டைக்கு வந்தேன். எனக்கு மட்டும் உங்கூடப் பேச வாய் ஊறலியா?”

நாகலெட்சுமி ஓடி வந்தாள். கண்ணெல்லாம் தண்ணி. மகள் கையிலிருந்த லட்டைப் பிடுங்கி வீரம்மா வாயில் ஊட்டினாள்.

“கூறுகெட்டவ நானு! முதல் லட்டே இவளுக்கில்ல குடுத்திருக்கணும்!”