வெள்ளிக்கிழமைக் கசிவு

மூன்று மணிக்கு முடியவேண்டிய வேலை ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. சிறீஸ்கந்தராசா கையில் வெப்பக் கமராவோடு வீட்டுக்குள் நுழைந்தார்.

தொழிற்சாலையில் மெஷின் பழுது. கமராவும் தொழிற்சாலையுடையதுதான், திங்கள்வரை இரவல். சூடான இடம் அதன் திரையில் மஞ்சளாகத் தெரியும், குளிர்ந்த இடம் நீலமாக.

“இண்டைக்கென்ன, வெள்ளன வந்திட்டியள்?”

தவமலர் குசினி வாசலில் நின்றாள். கேட்ட விதத்தில் வரவேற்பு இல்லை. அவரும் மனைவியின் வரவேற்பை எதிர்பார்த்து வரவில்லை. ஓட்டையைப் பிடிக்க வந்தார்.

மூன்று மாதமாக அந்த ஓட்டை அவர் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. வீடு மணிக்கு மணி எவ்வளவு சூட்டைத் தின்கிறது என்று கைத்தொலைபேசியில் ஒரு கோடு காட்டும். மற்ற நாட்களில் அடக்க ஒடுக்கமாகப் போகும் கோடு, வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் துள்ளி எழும்பும்.

யன்னல்களுக்கு றப்பர்ப் பட்டி ஒட்டினார். கதவுகளின் அடி நீக்கலுக்குப் பிரஷ் வைத்து அடித்தார். கூரைக்குள் ஏறும் மூடியைச் சுற்றிப் பஞ்சு அடைத்தார். டென்மார்க்கின் இந்த ஹேர்னிங் நகரில் இவ்வளவு இறுக்கமான வீடு வேறு இல்லை என்று வேலையிடத்தில் பெருமையும் அடித்துக்கொண்டார். அடுத்த வெள்ளிக்கிழமை கோடு அவரைப் பார்த்துப் பல்லிளித்தது.

அடைப்பதில் மனிதர் கெட்டிக்காரர்தான். நான்கு வருடத்துக்கு முன் பெற்ற மகனுக்கே கதவை அடைத்தவர்.

மகன் தாரகன் விரும்பியது பக்கத்து ஊரான இக்காஸ்ட்டில் இருந்த ஒரு தமிழ்ப் பிள்ளையை. என்ன ஆக்கள், எந்தப் பகுதி என்று இவர் நாலு பேருக்குப் போன் போட்டு விசாரித்தார். சாதி தெரிந்ததும், டெனிஷ்காரியைக் கட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், இனி இந்த வாசலை மிதியாதே என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு மகனின் பேச்சை எவர் எடுத்தாலும் எழும்பிப் போய்விடுவார். ஆகவே எவரும் எடுப்பதில்லை. வேலைக்குப் போகும் வழியில் இக்காஸ்ட் பெயர்ப்பலகை வந்தால் மட்டும் காரில் பாட்டின் சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

சப்பாத்தைக் கழற்றிவிட்டு, ஜாக்கெட்டோடேயே கமராவைத் தூக்கினார். முன் யன்னலின் ஓரங்களில் நூலளவு காற்றும் இல்லை. அவருக்கே தன்னை மெச்சவேண்டும் போலிருந்தது.

குசினிக்குத் திரும்பினார்.

மேசையோடு இருந்த இரண்டு கதிரைகள் மஞ்சளாக இருந்தன.

ஒன்றில் தவமலர் இருந்திருப்பாள். மற்றதில்?

கமராவைத் தாழ்த்தினார். தரையின் நீலத்தில் ஒரு மஞ்சள் பாதம். அதற்கு முன்னால் இன்னொன்று. பெரிய ஆண் பாதங்கள், வெளியே பிதுங்கிய பெருவிரல். தோட்டத்துக் கதவை நோக்கிப் போயிருந்தன.

அந்தப் பெருவிரலை அவருக்குத் தெரியும். அவருடைய காலிலும் அதுதான்.

கோபம் சுள்ளென்று தலைக்கேறியது. றப்பரும் பஞ்சும் வாங்கி வாங்கி அடைத்துக்கொண்டு திரிந்த மடையன் யார்? அவர்தான். பட்டி ஒட்ட ஏறியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றதும் இவள்தானே!

“காத்து வாற இடம் பிடிபட்டுதோ?” என்றாள் தவமலர்.

நாக்கு நுனிவரை வந்த ஏச்சு அங்கேயே நின்றுவிட்டது.

பெரிய பாதங்களுக்குப் பக்கத்தில் வேறு பாதங்களும் இருந்தன.

ஒவ்வொன்றும் அவருடைய உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பெரியவை ஓரடி வைத்த இடத்தில் சின்னவை மூன்றடி வைத்திருந்தன. கையைப் பிடித்து இழுக்க, ஓடியிருக்கவேண்டும்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் மங்கி நீலமாகிக்கொண்டிருந்தது. அவருக்குக் கண்ணை எடுக்க மனம் வரவில்லை.

வீட்டில் ஓட்டையே இல்லை. தரையில் ஒரு பிள்ளை விளையாடும் என்று வெள்ளிக்கிழமைகளில் தவமலர் சூட்டைக் கூட்டிவைத்திருக்கிறாள், அவ்வளவுதான்.

தோட்டத்துக் கதவைத் திறந்தார். வெயில் எட்டாத அந்தப் பக்கத்துக் கற்களில் காலைப் பனி இன்னும் வெள்ளையாகப் படிந்திருந்தது. இனிக் கமரா தேவைப்படவில்லை.

பனியில் சப்பாத்துத் தடங்கள். அவற்றின் பக்கத்தில் வெறுங்கால் தடங்கள். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

மைனஸ் நாலு. பிள்ளைக்குச் சப்பாத்துப் போடக்கூட நேரமில்லை. எல்லாம் அவருடைய காரின் சத்தத்துக்குப் பயந்து.

நாலாவது கல்லோடு சின்னப் பாதங்கள் முடிந்தன. அந்த இடத்தில் தாரகன் பிள்ளையைத் தூக்கியிருக்கிறான். அங்கிருந்து பின் படலைவரை சப்பாத்துத் தடம் மட்டும்தான்.

தனக்கு ஒரு பேரப்பிள்ளை இருப்பதைப் பனிதான் வந்து சொல்லவேண்டியிருந்ததா என்று சிறீஸ்கந்தராசாவுக்கு வெட்கமாக இருந்தது. திரும்பாமலே கேட்டார்.

“என்ன பேர்?”

தவமலர் கதிரைகளை மெதுவாக மேசைக்குள் தள்ளினாள். அவளுக்கு இனிப் பயப்பட எதுவும் இருக்கவில்லை.

“பேர் மட்டும் காணுமோ? என்ன ஆக்களெண்டு விசாரிக்க வேண்டாமோ?”