ஹாஜியாரின் கண்ணாடிச் சுவர்

நுஹ்மான் அந்தக் கண்ணாடிச் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றான். கொழும்பில் கட்டட எஞ்சினியருக்குப் படிக்கிற பிள்ளையே அப்படிச் சொன்னதில் வீட்டுக்காரர் ஸெய்னுலாப்தீன் ஹாஜியாருக்குப் பெரிய சந்தோஷம்.

உண்மையில் நுஹ்மான் படிப்பை எட்டாம் வகுப்போடு முடித்துக்கொண்டவன். நாவுலயில் வாப்பாவின் புடவைக் கடையில் சீத்தைத் துணி கிழிப்பதுதான் அவன் தொழில். கட்டடங்களைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம், மழை வந்தால் ஒன்றுக்குள் ஓட வேண்டும் என்பது மட்டுமே.

பொய்க்குக் காரணம் ஹவ்வா, ஹாஜியாரின் மகள். அவளை அவனுக்குப் பேசி ஒரு மாதமாகிறது. வெள்ளிக்கிழமைக்குள் அவன் பதில் சொல்ல வேண்டும். நிக்காஹ்வுக்கு முன் மாப்பிள்ளை பெண்ணைப் பார்ப்பது அவர்களிடையே வழக்கமில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்த உம்மாவிடம் பெண் எப்படி என்று கேட்டதற்கு, "எல்லாம் இருக்க வேண்டிய எடத்துல இருக்கு" என்றாள். இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் என்னவென்று முடிவு செய்வான்?

அப்போதுதான் ஹாஜியாரின் புது வீடு அவன் நினைவுக்கு வந்தது. ரத்தோட்டை போகும் மலைப்பாதையில், கிராம்பு மரங்களுக்கு மேலே, தட்டையான கொங்கிரீட் கூரையும் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியுமாக, அறுபத்து மூன்றாம் வருடத்து மாத்தளை அதுவரை கண்டிராத கட்டடம். லீவு நாட்களில் கண்டியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் வாசலில் காரை நிறுத்தி இரண்டு கலன் பெட்ரோல் கேட்டாராம்.

குமர்ப்பிள்ளை இருக்கிற வீட்டுக்குக் கண்ணாடியில் சுவரா என்று ஊர் வாயைப் பிளந்தது. நுஹ்மானோ அதைக் கட்டியவனுக்கு துஆ செய்தான். எதிரே போய் நின்றால் போதாதா?

போதவில்லை. உச்சி வெயிலில் கண்ணாடியில் எதிர்மலை தெரிந்தது, மேகம் தெரிந்தது, நடுவே ஆவென்று நுஹ்மான் தெரிந்தான். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பொம்பளைகள் இருக்கிறார்கள், வெளியிலிருந்தே பாருங்கள் என்று சொல்லிவிட்டார் ஹாஜியார்.

வந்ததற்கு எதையாவது அளக்க வேண்டுமே என்று நுஹ்மான் பையிலிருந்து நாடாவை எடுத்தான். எடுத்த பிறகுதான் அது கடையில் இடுப்பு அளக்கிற நாடா என்று உறைத்தது.

"கொழும்புல இப்ப இதாலயா தம்பி அளக்கிறாங்க?"

"புது மொற ஹாஜியார். சுவர் வளைஞ்சிருந்தா இதுதான் புடிச்சுக் குடுக்கும்."

ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தாற்போல நின்ற அந்தச் சுவரை இருவரும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்கள். பிறகு நுஹ்மான் எட்டுத் தடவை குனிந்து நிமிர்ந்து அதை அளந்து முடித்தான். ஹாஜியார் ஒரு நொடி அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிடலாம். அவர் திரும்புகிற ஜாதியாக இல்லை.

நடையாலும் ஒருக்கா அளந்து பாருங்கள் என்றார். நுஹ்மான் சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தான், திரும்பி நடந்தான். வெயிலாக இருக்கிறது, தொப்பியைக் கழற்றிக் கொஞ்சம் காற்று வாங்குங்கள் என்றார். கழற்றினான். சாப்பாட்டில் எது பிடிக்கும், கோபம் வருமா, சுருட்டுப் பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்டார். ஒவ்வொரு பதிலுக்கும், "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி" என்றார். பாவம், மனிதருக்குக் காது மந்தம், இந்த மலையில் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை போலும் என்று நுஹ்மான் மனமிரங்கி, அடிவாரத்து பஸ்ஸுக்கே கேட்கிற மாதிரி பதில் சொன்னான்.

முற்றத்தில் நாற்காலி போட்டு, மலைக்கு முதுகைக் காட்டி அவனை உட்காரவைத்து, தொதல் தின்னக் கொடுத்தார். பக்கத்துக் கதவு கொஞ்சமாகத் திறந்து தேத்தண்ணித் தட்டு ஒன்று நீள, அதை வாங்க ஹாஜியார் கடைசியில் அந்தப் பக்கம் திரும்பினார்.

வந்ததிலிருந்து அந்த ஒரு நொடிக்காகத்தானே தவம் கிடந்தான். நுஹ்மான் பாய்ந்து கண்ணாடியருகே போனான். போனவன் கண்ணில் முதலில் பட்டது, தன் முன்பல்லில் அப்பியிருந்த தொதல். அதை நகத்தால் நோண்டி எடுத்து, உதட்டை இழுத்து இரண்டு பக்கப் பல்லையும் சரிபார்த்து, எதற்கும் இருக்கட்டுமென்று ஒரு சிரிப்பும் சிரித்துப் பார்த்தான். அதற்குள் ஹாஜியார் தேத்தண்ணியோடு திரும்பிவிட்டார்.

உள்ளே எங்கேயோ ஒரு பெண் குபீரென்று வெடித்துச் சிரித்தாள். அடக்கப் பார்த்தும் முடியாமல், மூச்சுத் திணறி, மறுபடியும் சிரித்தாள். குசினியில் ஏதோ பகிடி போலும். நுஹ்மான் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். இப்படிச் சிரிக்கிறவளுக்கு மூக்கு எங்கே இருந்தால்தான் என்ன என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

போகும்போது ஹாஜியார் கேட்டார். "என்ன தம்பி, ஒண்ணுமே சொல்லாமப் போறீங்க?"

"புடிச்சிருக்கு ஹாஜியார். உள்ள ஒண்ணும் தெரியல்ல, இருந்தாலும் புடிச்சிருக்கு."

கொஞ்சம் நில்லுங்கள் என்று ஹாஜியார் வீட்டுக்குள் போனார். ஒரு நிமிடத்தில் வெளியே வந்து அவன் தோளில் கையைப் போட்டார்.

"உள்ள இருந்து பாத்தா வெளிய எல்லாம் தெரியும், மருமகன். புள்ளைக்கும் சம்மதமாம்."